நாலு மணிப் பசியும் ஊற வைத்த அரிசியும்

டயட்டில் முதல் நாள் யாருக்கும் கஷ்டமில்லை. புது நோட்டில் முதல் பக்கம் எழுதுகிற உற்சாகத்திலேயே ஓடிவிடும். வம்பு இரண்டாம் நாள் மாலை நாலு மணிக்குத்தான் வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது. காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கப் சோறும் புடலங்காய்க் கூட்டும். வயிறு ஒன்றும் காலியாக இல்லை. ஆனாலும் கேன்டீனில் வாழைக்காய் பஜ்ஜி வேகும் வாசனை வந்ததும் கை லேசாக நடுங்குவது போல இருந்தது. நெற்றிப்பொட்டு விண் விண்ணென்று தெறித்தது. ‘சாப்பாட்டைக் குறைத்தது நமக்கு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு ஒரு தட்டு பஜ்ஜியை முடித்தேன்.

இரண்டு முறை இப்படித் தோற்றேன். மூன்றாம் முறை அதே நடுக்கம் வந்தபோது அப்பாவின் குளுக்கோமீட்டரை எடுத்து விரலைக் குத்திப் பார்த்தேன். 86. சர்க்கரை கச்சிதமாக இருந்தது. அப்படியானால் இந்த ஆர்ப்பாட்டமெல்லாம் எதற்கு?

உடம்பில் இரண்டு வகைச் சேமிப்பு உண்டு. கொழுப்பு, குதிரில் கொட்டி வைத்த நெல். கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு, அடுக்களைப் பானையில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் அரிசி. கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம் இருக்கும். சாப்பாடு குறைந்தால் உடம்பு முதலில் கை வைப்பது பானையில்தான். இந்த அரிசிக்கு ஒரு விசேஷம் உண்டு. இது எப்போதும் ஊறியே இருக்கும். ஒரு கிராம் கிளைக்கோஜன் தன்னோடு ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது.

நான்காம் நாள் காலை மெஷினில் ஏறிய நான் 1.8 கிலோ குறைந்திருந்தேன். வீடே கொண்டாடியது. கணக்குப் போட்டுப் பார்த்தால் கொண்டாட ஒன்றுமில்லை. ஒரு நாளைக்கு 700 கலோரி குறைத்தேன், மூன்று நாளில் 2,100. ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. அத்தனை பற்றாக்குறையும் கொழுப்பிலிருந்தே ஈடானது என்று வைத்தாலும் கரைந்தது 275 கிராமைத் தாண்டாது. அதுவும் அப்படியே நடப்பதில்லை. கிளைக்கோஜனில் 300 கிராம் செலவானால் அதுவே 1,200 கலோரியைக் கொடுத்துவிடும். கூடவே 900 கிராம் தண்ணீர் வெளியேறும். மிச்சம் 900 கலோரிக்குத்தான் குதிரைத் திறக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் உண்மையில் போன கொழுப்பு ஏறக்குறைய 115 கிராம், கைப்பிடி அளவு. மற்றதெல்லாம் கிளைக்கோஜனும், தண்ணீரும், குடலில் குறைந்த சாப்பாட்டின் எடையும்.

தண்ணீர் தனியாகவும் போவதில்லை. உணவு, குறிப்பாக மாவுச்சத்து, குறைந்தால் இன்சுலின் இறங்கும். ‘உப்பைப் பிடித்து வை’ என்று சிறுநீரகத்துக்குச் சொல்கிற வேலையும் இன்சுலினுடையதுதான். அந்த உத்தரவு தளர்ந்ததும் சோடியம் சிறுநீரில் போய்விடுகிறது, தண்ணீர் அதன் பின்னாலேயே போகிறது. முதல் இரண்டு நாள் அடிக்கடி பாத்ரூம் போவதும், உட்கார்ந்த இடத்திலிருந்து சட்டென்று எழுந்தால் கண் இருட்டுவதும் இதனால்தான். இதைப் பசி மயக்கம் என்று நினைத்து இனிப்பைத் தேடிப் போகிறோம். உடம்பு கேட்பது உப்பையும் தண்ணீரையும். உப்புப் போட்ட நீர்மோர் ஒரு டம்ளர், இல்லாவிட்டால் ரசம் குடித்தால் பத்து நிமிஷத்தில் தெளிந்துவிடுவது என் அனுபவம். (ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இருப்பவர்கள் மட்டும் இந்த உப்பு யோசனையை டாக்டரிடம் கேட்காமல் எடுத்துக்கொள்ளக் கூடாது.)

தலைவலியில் பாதி வேறு கேஸ். டயட் என்றதும் நம் ஊரில் முதலில் வெட்டுப்படுவது சர்க்கரை போட்ட காபி. தினம் மூன்று டம்ளர் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால், 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி ஆரம்பிக்கும், இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போகும். காபியை விட்ட பாவம் டயட்டின் தலையில் விழுகிறது. விட வேண்டியது சர்க்கரையை, காபியை அல்ல. சர்க்கரையில்லாத டிகாக்‌ஷனில் கொஞ்சம் பால் விட்டுக் குடித்தால் கலோரி கணக்கு ஒன்றும் கவிழ்ந்துவிடாது.

இனி அந்த நாலு மணி. 1999-ல் ஜப்பானில் மசயாசு கொஜிமா, கெஞ்சி கங்காவா குழுவினர் கிரெலின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தார்கள். பெரும்பாலும் இரைப்பையில் சுரந்து, ‘பசிக்கிறது’ என்று மூளைக்குத் தந்தியடிக்கிற சரக்கு. இது வயிறு காலியானால் மட்டும் ஏறுவதில்லை, வழக்கமாகச் சாப்பிடும் நேரம் வந்தாலும் ஏறும். பல வருஷம் நாலு மணிக்கு டீயும் வடையும் சாப்பிட்ட உடம்பு, மூன்றரைக்கே தயாராகிவிடுகிறது. இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஒரு நாள் முழுக்கப் பட்டினி இருந்தவர்களின் ரத்தத்தை அளந்தபோது, வழக்கமான சாப்பாட்டு நேரங்களில் கிரெலின் ஏறியது, ஒரு வாய்கூடச் சாப்பிடாமலேயே பிறகு தானாக இறங்கியது. பசி ஏறிக்கொண்டே போய் ஆளை விழுங்கிவிடும் என்று நாம் பயப்படுகிறோம். அது அலை மாதிரி எழும்பி அடங்குகிறது. கதவைத் தட்டுகிற ஆள், யாரும் திறக்காவிட்டால் கொஞ்ச நேரத்தில் போய்விடுகிறார். மறுநாள் அதே நேரத்துக்கு வருவார் என்பதும் உண்மை.

ராத்திரி தூங்காமல் இருந்தால் இந்த ஆள் இன்னும் பலமாகத் தட்டுவார். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களை இரண்டு இரவு நாலு மணி நேரம் மட்டும் தூங்க விட்டுப் பார்த்தார்கள். பத்து மணி நேரம் படுத்திருந்த இரவுகளோடு ஒப்பிட்டால் கிரெலின் 28 சதவீதம் கூடியிருந்தது, பசியை அடக்கும் லெப்டின் 18 சதவீதம் குறைந்திருந்தது. இரவு ஷிஃப்ட் வாரத்தில் டயட் ஆரம்பிப்பது வேண்டாத வீம்பு.

வயிறு நிறைந்ததை மூளைக்குச் சொல்லும் நரம்புகள் கலோரியை எண்ணுவதில்லை, இரைப்பை எவ்வளவு விரிந்தது என்பதைத்தான் பார்க்கின்றன. அதனால் எதைக் குறைக்கிறோம் என்பது முக்கியம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி. அதே கலோரிக்குச் சோறு 90 கிராம் வரும். வெள்ளரிக்காய் என்றால் முக்கால் கிலோவுக்கு மேல்! தாளிப்பில் இரண்டு கரண்டி எண்ணெயைக் குறைத்தால் தட்டில் எதுவும் காணாமல் போகாது. சோற்றைக் குறைத்தால் தட்டு காலியாகத் தெரியும், மனசு அப்போதே பசிக்க ஆரம்பித்துவிடும். கூடவே முட்டையோ சுண்டலோ இருந்தால் புரதம் பசியை இன்னும் கொஞ்ச நேரம் தள்ளிப் போடும்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு மேலே சொன்ன தைரியம் பொருந்தாது. அவர்களுக்கு நடுக்கம் நிஜமாகவே சர்க்கரை இறங்கியதன் அறிகுறியாக இருக்கலாம். 2017-ல் முடிவுகள் வெளியான பிரிட்டனின் டைரக்ட் ஆய்வில், முதல் சில மாதம் ஒரு நாளைக்கு 825 முதல் 853 கலோரி மட்டுமே கொடுத்து, ஓராண்டு முடிவில் 46 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் அடங்கியதைக் காட்டினார்கள். அந்த ஆய்வில் சர்க்கரை மாத்திரைகளையும் ரத்த அழுத்த மாத்திரைகளையும் முதல் நாளே நிறுத்தினார்கள். டாக்டர்கள் கூடவே இருந்ததால் அது முடிந்தது. கட்டுரை படித்துவிட்டு நாமே மாத்திரையை நிறுத்துவதோ, மாத்திரையைப் போட்டுக்கொண்டே பட்டினி கிடப்பதோ இரண்டுமே ஆபத்து. கர்ப்பிணிகளுக்கு இந்தப் பரிசோதனையே வேண்டாம்.

என் கதைக்கு வருகிறேன். ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, தங்கை வீட்டில் பிரியாணி. இரண்டு தட்டு. திங்கட்கிழமை காலை மெஷின் 1.3 கிலோ கூடக் காட்டியது. வீட்டில் ஒரே துக்கம். ஒரு கிலோ கொழுப்பு ஏற வேண்டுமென்றால் தேவைக்கு மேல் 7,700 கலோரி தின்றிருக்க வேண்டும். தங்கை எவ்வளவு பாசமாகப் பரிமாறினாலும் அது நடக்காது. பானையில் மறுபடி அரிசி விழுந்திருக்கிறது, அது ஊறிக்கொண்டிருக்கிறது. அன்றைக்கு மாலை நாலு மணிக்கு வழக்கமான ஆள் வந்து தட்டினார். நான் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மோர் கலக்கப் போனேன்.