உருண்டையாகத் தெரிவதெல்லாம் சீழ் அல்ல

மட்டக்களப்பின் படுவான்கரைப் பக்கமிருந்து ஒரு சோடி எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்தது. ஆள் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியே சொல்கிறேன். கலியாணம் முடித்து ஏழு வருடம். மனைவியின் கையிலிருந்த ஃபைல் தடித்துப் போயிருந்தது: ஸ்கேன், ஹோர்மோன் ரிப்போர்ட்டுகள், லப்பரஸ்கோப்பி. கணவருடையது வெவ்வேறு இடங்களில் செய்த மூன்றே மூன்று விந்துப் பரிசோதனை (எஸ்.எஃப்.ஏ.) தாள்கள். மூன்றிலும் விந்தணு இல்லை, 'பஸ் செல்ஸ்', அதாவது சீழ்க்கலங்கள், நிறைய என்று எழுதியிருந்தது. சீழ் என்றால் தொற்று, தொற்று என்றால் அன்டிபயோட்டிக். மூன்று முறை எடுத்திருக்கிறார்.

"குளிசை குடிச்சும் குறையல்ல சேர்" என்றார்.

குறையாததில் அதிசயம் இல்லை. சாயமேற்றாத துளியை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் சீழ்க்கலமும் உருண்டை, முதிராத விந்துக்கலமும் உருண்டை. வேலை நெருக்கடியில் இரண்டையும் ஒரே பெயரில் எழுதிவிடுவது நடக்கிறது. தொடக்க காலத்தில் நானும் எழுதியிருக்கிறேன். பெரொக்சிடேஸ் சாயம் போட்டால் சீழ்க்கலங்கள் கபில நிறமாகும். விந்துக்கலங்கள் நிறம் மாறாமல் நிற்கும். இவருடைய மாதிரியில் கபிலமானவை அங்கொன்றும் இங்கொன்றும்தான். மிச்சமெல்லாம் வால் முளைக்காமல் பாதிவழியில் நின்றுபோன கலங்கள். அவை வெளியே வந்திருக்கின்றன என்றால் குழாய் முழுதாக அடைபடவில்லை. விந்தணு உருவாகும் உறுப்பான விதையில் வேலை தொடங்குகிறது, முடியவில்லை.

ஏன் முடியவில்லை? ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள் எடுக்கும். மூன்று மாத நெல்லுக்குக் கொஞ்சம் குறைவு. முதலில் கலங்கள் பெருகும். பிறகு ஒடுக்கற்பிரிவில் நிறமூர்த்தங்கள் 46 இலிருந்து 23 ஆகும். அப்போது கிடைப்பது ஓர் உருண்டைக் கலம். அதற்குப் பிறகு பிரிவு இல்லை, உருமாற்றம் மட்டும்தான். வால் வளர வேண்டும். டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்கள் போய், புரொட்டமின் என்ற வேறு புரதங்கள் வந்து தலையை இறுக்கிக் கட்ட வேண்டும். இதற்கான பரம்பரையலகுகளில் பல, அந்த நாள் வரும்வரை மூடியே கிடக்கும்.

அவற்றைத் திறக்கும் ஒழுங்குபடுத்தும் புரதங்களில் ஒன்றின் பெயர் 'கிரெம்'. வயலுக்குத் தண்ணீர் விடுவதைப் பார்க்கும் எங்கள் வட்டவிதானை மாதிரி ஓர் ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தவணை வராமல் வாய்க்கால் துருசைத் திறக்க விடமாட்டார். தவணை வந்ததும் அவரே திறந்துவிடுவார். கிரெம்மும் அப்படித்தான். ஒடுக்கற்பிரிவுக்கு முன்னர் தடுக்கும் வடிவங்களில் இருக்கிறது, பிறகு தூண்டும் வடிவத்துக்கு மாறுகிறது. இந்த மாற்றத்தை 1992 இல் வெளியிட்டது பாவுலோ சசோனே-கோர்சியின் ஸ்ட்ராஸ்பூர்க் குழு. 1996 இல் அவர்களும் ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் குழுவொன்றும் தனித்தனியே கிரெம் இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். ஆண் எலிகளில் கலங்கள் உருண்டை நிலை வரை வந்து நின்றுவிட்டன. ஒரு விந்தணுகூட இல்லை. கதிர் வெளிவராமல் குடலையோடு நின்றுபோன வேளாண்மைதான். அதே கட்டத்தில் விந்தணு வளர்ச்சி நின்ற ஆண்களின் விதைத் திசுவைப் பார்த்தபோதும், தூண்டும் கிரெம் குறைவாகவோ இல்லாமலோ இருந்தது.

இவருக்கும் கிரெம்தான் காரணமா? அப்படிச் சொல்ல நான் துணியமாட்டேன். அது ஆராய்ச்சிக்காகத் திசுவில் பார்ப்பது, வழமையான பரிசோதனை அல்ல. வளர்ச்சி இடையில் நிற்பதற்கு 'வை' (Y) நிறமூர்த்தத்தில் துண்டுகள் விடுபடுவது உட்பட வேறு காரணங்களும் உண்டு. ஒன்றை மட்டும் சொல்லலாம்: இப்படி நின்றுபோனவர்களில் பலருக்கு விந்தணு உற்பத்தியைத் தூண்டும் ஹோர்மோனான எஃப்.எஸ்.எச். அளவு சரியாக இருக்கும், விதையின் பருமனும் சரியாக இருக்கும், தாம்பத்தியத்தில் ஒரு குறையும் இருக்காது. 'ஆம்பிளைத்தனம்' என்று ஊரில் பேசுகிற விசயத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. பரம்பரையலகு மட்டத்தில் நின்ற வேலையை லேகியம் நகர்த்தாது. இன்னொன்று, ஜிம்முக்குப் போகும் பொடியன்கள் போடுகிற டெஸ்டஸ்டெரோன் ஊசி விந்தணுவைக் கூட்டும் என்று நம்புகிறார்கள். அது உற்பத்தியைக் குறைத்தே விடும்.

விதையில் எங்காவது சில முழு விந்தணுக்கள் கிடைத்தால் இக்ஸி முறையில் முட்டைக்குள் செலுத்தலாம். 1992 முதல் இக்ஸி முறையில் பிள்ளைகள் பிறக்கிறார்கள். உருண்டைக் கலங்களை மட்டும் வைத்துச் செய்தால் வெற்றி மிகக் குறைவு. அப்படியும் செய்யலாம் என்று யாரும் சொல்வதை நம்பிக் காணியை விற்க முதல் விசேட வைத்திய நிபுணர் ஒருவரோடு பேசுங்கள்.

உங்கள் தாளிலும் விந்தணு இல்லாமல் 'பஸ் செல்ஸ்' நிறைய என்று இருந்தால், சாயம் போட்டுப் பார்த்தார்களா என்று கேளுங்கள். கேட்பதால் எங்களுக்குக் கோபம் வராது. வந்தாலும் பரவாயில்லை, கேளுங்கள்.

அவருடைய மனைவி போக முதல் ஃபைலை மடியில் வைத்தபடி, "அப்ப எனக்கு ஒண்டும் இல்லையா சேர்?" என்று கேட்டாள். அதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும் என்றேன். இரண்டு கிழமைக்குப் பிறகு இரத்தப் பரிசோதனைத் துண்டுகளோடு வந்தார்கள். இந்த முறை எல்லாவற்றிலும் அவருடைய பெயர் இருந்தது.