சைட்டோகைன்: சினைப்பையில் அதற்கு என்ன வேலை?

கொரோனா காலத்தில் 'சைட்டோகைன் புயல்' என்று செய்தித்தாள்களில் வந்ததிலிருந்து, சைட்டோகைன் என்றாலே உடம்புக்கு ஆகாதது என்ற எண்ணம் பலருக்கும் பதிந்துவிட்டது. மேலூர், உசிலம்பட்டி பக்கமிருந்து குழந்தைப்பேறு சிகிச்சைக்கு மதுரை வருகிற பெண்களிடம் 'சினைப்பையில் அழற்சி' என்று சொன்னால் அவர்கள் பயப்படாமல் என்ன செய்வார்கள்? சைட்டோகைன் என்பது செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லச் சுரக்கும் சிறு புரதம். அழற்சியை (இன்ஃபிளமேஷன்) தூண்டுவதிலும் அதற்குப் பங்கு உண்டு. அதனால் இந்தச் சொல்லைச் சரியாகத் தெரிந்துகொள்வது முக்கியம்.

கிரேக்கத்தில் 'கைட்டோஸ்' என்றால் கலம், பாத்திரம். உயிரியலில் அது செல்லைக் குறிக்கிறது. 'கினைன்' என்றால் இயக்குதல். இரண்டையும் சேர்த்து 1974-இல் ஸ்டான்லி கோகன் என்ற ஆய்வாளர் இந்தப் பெயரை வைத்தார். (1986-இல் நோபல் பரிசு பெற்ற ஸ்டான்லி கோகன் வேறொருவர்.) அதற்கு முன்பு புழங்கிய பெயர் 'லிம்ஃபோகைன்', அதாவது லிம்ஃபோசைட் என்ற வெள்ளையணு சுரப்பது. மற்ற செல்களும் இதே மாதிரிப் புரதங்களைச் சுரக்கின்றன என்று தெரிந்தபின் அந்தப் பெயர் போதவில்லை. ஆக, நோய், எதிர்ப்பு, புயல் எதுவும் இந்தப் பெயருக்குள் கிடையாது.

சினைப்பையைப் பாருங்கள். கருமுட்டை வெளியேறத் தூண்டும் எல்.எச். ஹார்மோன் உயரத் தொடங்கி ஏறத்தாழ 36 மணி நேரத்தில், சினைப்பைக்குள் கருமுட்டை வளரும் சிறு பையான முட்டைப்பை வெடித்துக் கருமுட்டை வெளியே வருகிறது. அதற்குள் அங்கே வெள்ளையணுக்கள் கூடுகின்றன. இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6, டி.என்.எஃப். என்ற சைட்டோகைன்கள் எல்லாம் அதிகரிக்கின்றன, இன்டர்லூக்கின்-8 என்ற இன்னொன்று நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்களை வரவழைக்கிறது. அழற்சியில் சுரக்கும் புராஸ்டகிளாண்டின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது, நொதிகள் முட்டைப்பைச் சுவருக்கு உறுதி தரும் கொலாஜன் புரதத்தை அரித்து மெலிய வைக்கின்றன. கருமுட்டை வெளியேறுவதே அழற்சி போன்ற ஒரு நிகழ்வு என்று லாரன்ஸ் எஸ்பி என்ற ஆய்வாளர் 1980-இலேயே எழுதினார். கரு தங்காவிட்டால், வெடித்த முட்டைப்பையில் மிஞ்சி உருவாகும் கார்பஸ் லூட்டியத்தைக் கரைத்து அகற்றுவதிலும் டி.என்.எஃப்.புக்கும் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கு செல்களுக்கும் பங்கு உண்டு.

இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் புராஸ்டகிளாண்டினைத் தடுப்பவை. கருமுட்டை வெளியேறும் நாட்களில் அவற்றைத் தொடர்ந்து போட்டால் முட்டைப்பை வெடிப்பது தள்ளிப்போகலாம், சில நேரம் வெடிக்காமலே போகலாம். குழந்தைக்கு முயற்சி செய்கிறவர்கள் மூட்டுவலிக்கோ முதுகுவலிக்கோ மாத்திரை எடுப்பதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

'சினைப்பை நீர்க்கட்டி' என்று பலரும் சொல்லும் பி.சி.ஓ.எஸ். கோளாறின் சங்கதி வேறு. அங்கே லேசான அழற்சி விடாமல் நீடிப்பது பலரிடம் காணப்படுகிறது. மாதாமாதம் வந்து தணிய வேண்டியது தணியாமல் இருப்பதுதான் கோளாறு. ஸ்கேனில் 'நீர்க்கட்டி' என்று சொல்லப்படுபவையும் உண்மையில் கட்டிகள் இல்லை, பாதியில் வளர்ச்சி நின்ற முட்டைப்பைகள்.

சரி, சைட்டோகைனைத் தமிழில் என்ன சொல்லலாம்? 'நோய் எதிர்ப்பு சமிக்ஞை மூலக்கூறு' நீளம். அதோடு, நோய் இல்லாத இடத்தில் நோயைக் கொண்டுவந்து சேர்க்கிறது. இலங்கைத் தமிழில் செல்லுக்குக் 'கலம்' என்பார்கள், கைட்டோஸுக்கு அச்சான சொல். ஆனால் 'கலவியக்கி' என்று சேர்த்தால் 'கலவி' என்று படித்துவிடுவார்கள், அதுவும் சினைப்பை பற்றிப் பேசும் இடத்தில். என் தேர்வு 'செல்லியக்கி'. அடைப்புக்குறிக்குள் சைட்டோகைன் என்று ஒருமுறை கொடுத்தால் போதும். இன்டர்லூக்கின், டி.என்.எஃப். போன்ற தனிப்பெயர்களை அப்படியே விட்டுவிடலாம். பரிசோதனைச் சீட்டில் அவைதானே இருக்கும்.