கேரவன் தரைக்கு எந்தப் பலகை? முதல்ல மரம் எப்படி இத்துப்போகுதுன்னு பாப்போம்

திருமங்கலத்துல பட்டறை வச்சிருக்கிற வாசகர் ஒருத்தர் கேட்டிருக்காரு. கொடைக்கானல் பக்கம் எஸ்டேட்ல ரொம்ப வருஷமா கிடந்த பழைய வெளிநாட்டு கேரவன் ட்ரெய்லர் ஒண்ணு அவர் கைக்கு வந்திருக்கு, மேல அலுமினிய உடம்பு, கீழ இரும்பு சேஸிஸ், நடுவுல பிளைவுட் தரை, கதவுகிட்ட கால வச்சா அமுங்குதாம். "மெரைன் பிளையா, செக்கர் பிளேட்டா, பிவிசி போர்டா, எதப் போட்டாண்ணே ரொம்ப நாள் நிக்கும்?" அனுப்புன போட்டோல பலகை கரும்பழுப்பா, சின்னச் சின்ன கட்டமா வெடிச்சுப்போய் இருக்கு.

அதுக்குப் பேரு பழுப்பு அழுகல், பூஞ்சை செய்யிற வேலை. இது எப்படி நடக்குதுன்னு தெரிஞ்சா பாதி பதில் அதுலயே இருக்கு.

மரத்தோட செல் சுவருல செல்லுலோஸ் இழை இருக்கும், அதைச் சுத்தி லிக்னின்னு பசை மாதிரி ஒரு பொருள் இறுகிக் கெடக்கும். பூஞ்சைக்கு வேணுங்கிறது செல்லுலோஸ்ல இருக்கிற சர்க்கரை, ஆனா அதை வெட்டுற என்சைம் சைஸுல பெருசு, நல்ல மரத்தோட செல் சுவருக்குள்ள நுழையவே முடியாது. அதனால பூஞ்சை என்ன பண்ணுதுன்னா சின்ன மூலக்கூறுகளை முதல்ல உள்ள அனுப்புது. ஒண்ணு ஹைட்ரஜன் பெராக்சைடு, புண்ணு கழுவுறப்ப நுரைச்சுக்கிட்டு வருமே அதேதான். இன்னொரு பக்கம், அக்கம்பக்கத்துல துளித்துளியா இருக்கிற இரும்பை வினைக்குத் தயாரான நிலைக்கு மாத்திவிடுது. ரெண்டும் சுவருக்குள்ள சந்திக்கிற இடத்துல ஹைட்ராக்சில் ரேடிக்கல்னு எதையும் தாக்குற ஒரு துகள் பிறக்குது, அதோட ஆயுசு நானோ செகண்ட் கணக்குதான், தூரமா போக நேரமே கிடையாது, பிறந்த இடத்துலயே செல்லுலோஸ் சங்கிலியை அறுத்துட்டு முடிஞ்சுபோகுது. 1894-ல ஃபென்டன்னு ஒரு வேதியியலாளர் எழுதிவச்ச வினை இது, ஆனா மனுஷன் கண்டுபிடிக்கிறதுக்குப் பல கோடி வருஷம் முன்னாடியே பூஞ்சை இதை வச்சுத்தான் சாப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கு, அதுவும் தன் மேல படாம, தள்ளி நின்னு, சுவருக்குள்ள மட்டும் வெடிக்கிற மாதிரி! எத்தனை தடவை படிச்சாலும் எனக்கு இது ஆச்சரியம்தான். சங்கிலி அறுந்ததும் பலம் போயிடும், எடை அவ்வளவா குறையாது, பத்துல ஒரு பங்கு எடைகூட குறையாத நேரத்துலயே பாதி பலம் போயிருக்கும். அதான் பாக்க முழுசா இருக்கிற பலகைல கால் உள்ள போகுது.

இந்த மூலக்கூறெல்லாம் சுவருக்குள்ள நகரணும்னா அதுக்குத் தண்ணி வேணும். மரத்தோட ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழ இருந்தா வேலை நடக்காது, 28-30 தாண்டுனா பூஞ்சைக்குக் கொண்டாட்டம். காத்துல ஈரப்பதம் 80 சதவீதம் இருந்தாக்கூட மரம் 16 சதவீதம் வாக்குலதான் ஈரம் பிடிக்கும், அதனால மதுரைக் காத்து மட்டும் பிளைவுட்ட இத்துப்போக வைக்காது, ஒழுகுற தண்ணி வேணும். "அமாவாசைல வெட்டின மரமா பாத்து வாங்கு"ன்னு யாரோ சொன்னாங்கன்னும் எழுதியிருந்தாரு. பூஞ்சைக்கு நாள் நட்சத்திரம் கிடையாதுங்க, ஈரம்தான் கணக்கு. பெங்களூருல மர அறிவியலுக்குன்னே அரசு நிறுவனம் இருக்கு, அங்க நடக்கிற ஆராய்ச்சில ஒரு பங்கு பணத்தை நம்ம ஊர் ஆசாரிங்க படிக்கிற மாதிரி தமிழ்ல எழுதுறதுக்கும் ஒதுக்கணும்னு நான் நினைக்கிறேன்.

சரி, பொருளுக்கு வருவோம். 3 எம்எம் இரும்பு செக்கர் பிளேட், அதாவது வழுக்காம இருக்க மேல புடைப்பு போட்ட தகடு, சதுர மீட்டருக்கு 24 கிலோவுக்கு மேல வரும், 18 எம்எம் பிளை 12-13 கிலோதான், பழைய சேஸிஸுக்கு அந்த வித்தியாசம் பெருசு, அதோட இரும்பு வெயிலையும் சத்தத்தையும் அப்படியே உள்ள கடத்தும். பிவிசி போர்டு மக்காது, ஆனா பிளை அளவுக்கு விறைப்பு கிடையாது, ஆள் நடந்தா தொய்யும், வெயிலுக்கு ரொம்ப நீளும். பார்ட்டிகிள் போர்டு, எம்டிஎஃப் பக்கமே போகாதீங்க.

என் ஓட்டு ஐஎஸ் 710-ங்கிற இந்தியத் தர முத்திரை உள்ள மெரைன் பிளைக்குத்தான், அதாவது தண்ணி தாங்குற பிளைவுட். அதோட பசை பீனால் ஃபார்மால்டிஹைடு, 72 மணி நேரம் தண்ணில கொதிக்கவச்சாலும் அடுக்கு பிரியக்கூடாதுன்னு சோதனை. கமர்ஷியல் பிளைன்னு விக்கிற சாதாரண பிளைவுட்ல பெரும்பாலும் யூரியா பசை, சூடும் ஈரமும் சேந்தா விட்டுடும். ஆனா காசு கூடக் குடுத்து 710 வாங்கிட்டு வெட்டுன ஓரத்தை அப்படியே விட்டா பிரயோஜனமில்ல, மரத்தோட குழாயெல்லாம் வாயத் தொறந்துகிட்டு இருக்கிறது அங்கதான், தண்ணி நுண்குழாய் வழியா உறிஞ்சி ஏறும். ஓரம், ஸ்க்ரூ ஓட்டை எல்லாத்துக்கும் எபாக்சி, அதாவது ரெண்டு திரவம் கலந்து பூசுனா இறுகிப்போற பிசின், ரெண்டு மூணு கோட்டிங் அடிங்க. இந்த மாதிரி பழைய ட்ரெய்லர் பலதுல பலகையோட ஓரம் சுவருக்கு அடில செருகியிருக்கும், ஜன்னல் ரப்பர்ல ஒழுகுற தண்ணி சுவரோட இறங்கி நேரா அந்த ஓரத்துலதான் நிக்கும், அதனால ஒழுகல் அடைக்காம தரைல கை வைக்கவேணாம். இன்னொண்ணு, பூஞ்சை வராம இருக்கத் தாமிர மருந்து ஏத்துன பலகை அலுமினியத்தை நேரா தொட்டா ஈரத்துல அலுமினியம் அரிச்சுப்போகும், கடைல என்ன மருந்துன்னு கேட்டு வாங்குங்க, நடுவுல தடுப்பு டேப்பும் ஒட்டுங்க.

எபாக்சி அடிக்கிற வேலையை ஐப்பசி கார்த்திகைல வச்சுக்காதீங்க, பங்குனி சித்திரைல பலகை நல்லா காஞ்சிருக்கிறப்ப அடிங்க, இல்லன்னா ஈரத்தை உள்ள வச்சுப் பூட்டுன மாதிரி ஆயிடும். மழைக்காலத்துல பலகை கொஞ்சம் ஊதும், அதுக்கு ஷீட்டுக்கும் ஷீட்டுக்கும் நடுவுல 3 எம்எம் இடைவெளி விடுங்க.