நெகட்டிவ் இல்லாத படத்தைத் தண்ணீரில் போடும் முன்

சென்ற சித்திரையில் காட்பாடியில் உள்ள எங்கள் ஸ்டுடியோவுக்கு ஒரு கல்லூரி மாணவி பிளாஸ்டிக் டப்பாவுடன் வந்தார். உள்ளே, வெளுத்துச் சுருண்ட ஓர் இன்ஸ்டாக்ஸ் படம், அதாவது எடுத்த உடனே கேமராவிலிருந்து அச்சாகி வரும் உடனடிப் படம். அவருடைய ஆயாவின் படம். அதைக் கரிகிரி மண்ஜாடியில் ஒட்ட ஆசைப்பட்டு, வீடியோ பார்த்து, பிளீச் கலந்த தண்ணீரில் ஊறவைத்திருக்கிறார். "திரும்பக் கொண்டுவர முடியுமா சார்?" என்று கேட்டார். முடியவில்லை. உடனடிப் படத்துக்கு நெகட்டிவ் கிடையாது. கையில் இருக்கும் அந்த ஒன்றுதான் மூலமும் பிரதியும். ஆகவே, முதலில் ஸ்கேன் செய்துவிடுங்கள்.

உடனடிப் படத்தின் மேற்படலத்தை உரித்தெடுத்து வேறொரு பரப்பில் ஒட்டும் இந்தக் கலை அழகானது. பழகுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் எல்லாப் பிலிமும் ஒன்றல்ல. இன்னொரு வகை உடனடிப் படமான போலராய்டின் வெள்ளைச் சட்டத்தை வெட்டி, பின்தாளைப் பிரித்து, முன்பக்கத்தை வெந்நீரில் இட்டால், சில நிமிடங்களில் படம் பாலாடைபோல் நெகிழ்ந்து எழும்பும். பின்புறம் ஒட்டியிருக்கும் வெள்ளைப் பூச்சை மெல்லிய தூரிகையால் கழுவ வேண்டும். பிறகு தண்ணீருக்குள்ளேயே கெட்டித்தாளை அடியில் நுழைத்து, படலத்தை ஏந்தி மேலே தூக்கலாம். இன்ஸ்டாக்ஸ் வெறும் வெந்நீருக்கு இப்படி மசியாது. அதனால்தான் பலர் பிளீச்சைத் தேடிப் போகிறார்கள்.

பிளீச்சோடு கழிவறை ஆசிட் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவடைத்த குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. தயவுசெய்து இரண்டையும் ஒரே இடத்தில்கூட வைக்காதீர்கள். போலராய்டு படத்தின் அடிப்பட்டைக்குள் இருக்கும் பசையும் காரத்தன்மை கொண்டது, தோலை அரிக்கும். கையுறை கட்டாயம், கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவி, மருத்துவரிடம் செல்லுங்கள்.

பரப்புகளில் முதலில் வாட்டர்கலர் தாளில் கை பழகட்டும். கண்ணாடியில் படலம் வழுக்கும். நகர்த்திச் சரிசெய்ய நேரம் கிடைக்கும். மெருகிடாத மண்பாண்டமோ ஈரத்தை உறிஞ்சி, தொட்ட இடத்திலேயே பிடித்துக்கொள்ளும். முன்கூட்டியே நனைத்து வையுங்கள். ராணிப்பேட்டைத் தோலில் நான் ஒட்டிய படங்கள் பார்க்க அருமையாக இருந்தன, ஆனால் மடித்த இடமெல்லாம் வெடித்தன. பர்ஸுக்கு வேண்டாம், சட்டம் போட்டு மாட்டுவதற்கு ஆகும்.

நம் ஊர் வெயில் இன்னொரு தொல்லை. போலராய்டு பிலிமுக்கு ஏற்றது 13 முதல் 28 டிகிரி வரை. அக்கினி நட்சத்திரத்தில் நண்பகலில் எடுத்தால் நிறம் மாறித்தான் வரும். அப்படி நிறம் கெட்டவற்றை எறியாமல் எடுத்து வையுங்கள், பழகுவதற்கு அவை போதும்.