வயர் சும்மா இருக்கும்போது எத்தனை மில்லிவோல்ட்?

ஒரு நூற்பாலையில் 14 எனர்ஜி மீட்டர்கள் ஒரே ஆர்எஸ்-485 லைனில் (இரண்டு வயரில் தகவல் அனுப்பும் முறை), 9600 பாட் (நொடிக்கு 9600 பிட்) வேகத்தில் மாட்பஸில் (மாஸ்டர் கேட்க, மீட்டர் பதில் சொல்லும் முறை) ஓடிக்கொண்டிருந்தன. எப்போதாவது ஒரு பிழை வந்தது என்று லைனின் இரு முனையிலும் 120 ஓம் டெர்மினேஷன் (சிக்னல் முனையில் மோதித் திரும்பாமல் தடுக்கும் ரெசிஸ்டர்) போட்டார்கள். முறையான வேலைதான். ஆனால் அன்றிலிருந்து பெரிய மோட்டார்கள் ஓடும்போதெல்லாம் நான்கைந்து மீட்டர்கள் பதில் தரவில்லை. என்னைக் கூப்பிட்டபோது புது மீட்டர் வாங்கும் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

மாஸ்டரை நிறுத்தச் சொல்லிவிட்டு ஏ, பி வயர்களுக்கு இடையே மல்டிமீட்டரை வைத்தேன். 0.03 வோல்ட்.

485 ரிசீவர் இரண்டு வயர்களின் வித்தியாசத்தைத்தான் பார்க்கும். +200 மில்லிவோல்ட்டுக்கு மேல் ஒரு நிலை, −200க்குக் கீழே மறுநிலை. நடுவில் என்ன சொல்லும் என்பதற்கு ஸ்டாண்டர்டில் உத்தரவாதம் கிடையாது. அங்கே ஒரு சிப் 1 என்று சொல்லும், பக்கத்துச் சிப் 0 என்று சொல்லும். இரண்டுமே பழுதில்லாத சிப்கள்தான்.

"ஹிஸ்டெரிசிஸ் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா?" என்று அங்கிருந்த இளம் பொறியாளர் கேட்டார். நல்ல கேள்வி. மாடித் தொட்டியின் ஆட்டோமேடிக் சுவிட்சை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கீழ்க்கோட்டுக்கு இறங்கினால் மோட்டார் ஓடும், மேல்கோட்டைத் தொட்டால் நிற்கும். இடையில் இருந்தால் முன்பிருந்த நிலையே தொடரும். ரிசீவரிலும் அப்படித்தான். ஆனால் அந்த இரண்டு கோடுகளுக்கும் உள்ள இடைவெளி பல சிப்களில் 50 முதல் 70 மில்லிவோல்ட்தான். சின்னச் சலனத்தை அது தாங்கும். கடைசி நிலையைப் பிடித்துவைத்திருக்கும், அவ்வளவே. மோட்டாரை ஓட்டும் டிரைவின் மின் இரைச்சல் அதைத் தாண்டினால் ரிசீவர் புரண்டுவிடும். மேசையில் ஒழுங்காக ஓடிய லைன் ஆலையில் தடுமாறுவது இதனால்தான்.

சும்மா இருக்கும் லைன் 1 என்று படிக்கப்பட வேண்டும். அது 0 ஆகப் புரண்டால், பிட்களைப் பைட்டாகச் சேர்க்கும் யுஆர்ட் அதை ஸ்டார்ட் பிட் (ஒரு பைட்டின் தொடக்கக் குறி) என்று எடுத்துக்கொள்ளும். இல்லாத ஒரு பைட் உண்மையான செய்திக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளும். மாட்பஸின் ஆர்டியூ வடிவத்தில் செய்திகளைப் பிரிப்பது மூன்றரை எழுத்து நேர அமைதி. 9600இல் அது சுமார் 4 மில்லிசெகண்ட். அந்த அமைதி கெட்டால், செய்தி சிதையவில்லையா என்று பார்க்கும் சிஆர்சி எண் பொருந்தாது. மீட்டரும் பேசாமல் இருந்துவிடும்.

சரி, 0.03 எங்கிருந்து வந்தது? மாஸ்டர் போர்டில், யாரும் பேசாதபோது லைனை 1 பக்கம் இழுத்துவைக்கும் பயாஸ் ரெசிஸ்டர்கள் இரண்டும் 4.7 கிலோ ஓம். டெர்மினேஷன் இல்லாதவரை அது போதுமாக இருந்தது. இரண்டு 120 ஓம் பேரலலாக வந்ததும் 60 ஓம். 5 வோல்ட்டில் அந்த 60 ஓமுக்குக் கிடைக்கும் பங்கு 32 மில்லிவோல்ட்தான்.

புதிய சிப்கள் சிலவற்றில் இந்த எல்லையையே −50க்கும் −200 மில்லிவோல்ட்டுக்கும் இடையில் நகர்த்தியிருக்கிறார்கள். லைன் 0 வோல்ட்டில் இருந்தாலும் அவை 1 என்றே படிக்கும். ஆனால் அதே லைனிலுள்ள பழைய மீட்டருக்கு அதனால் பயனில்லை.

டெர்மினேஷனைக் கழற்றவில்லை. மாஸ்டர் பக்கம் மட்டும் ஒரு வயரை 5 வோல்ட் பக்கம் இழுக்க ஒன்று, மற்றதை கிரவுண்ட் பக்கம் இழுக்க ஒன்று என 560 ஓம் பயாஸ் போட்டோம். மல்டிமீட்டர் 0.25 வோல்ட்டைத் தாண்டியது. மோட்டார்களை ஓட விட்டுப் பார்த்தோம், 14 மீட்டர்களும் பதில் தந்தன.