மிளகைத் தின்றால் குரல் திரும்பாது

ஆவணி முடியப் போகிறது. பங்குனியில் பிடித்த எங்கள் திருவிழா நாடக சீசன் ஆடியோடு ஓய்ந்து, கொடைக்கானல் இருக்கிற பழனி மலைத்தொடரில் இப்போது மதியத்துக்கு மேல் மேகம் இறங்கிவிடுகிறது. கோடையில் வாங்கிய சம்பளத்தையும் அடைத்த கடனையும் கூட்டிக் கழித்துப் பார்க்கிற மாதம் இது. எனக்கு இன்னொரு வேலையும் சேர்ந்துகொள்கிறது: குரல் போனவர்களின் போனை எடுப்பது.

போன வாரம் பேசியது ஓர் இளம் ராஜபார்ட், அதாவது கதாநாயகனாகப் பாடி நடிக்கிறவர். காற்றுதான் வந்தது. வைகாசியில் கொடைக்கானல் மலையிலுள்ள மன்னவனூர் பக்கம் ஒரு திருவிழாவில் கட்டிய தொண்டை இன்னும் திறக்கவில்லையாம். என்னப்பா செய்தாய் என்றேன். மிளகு, சித்தரத்தை, பனங்கற்கண்டு, பூண்டுப் பால், கடைசியில் யாரோ சொன்னார்கள் என்று இரண்டு மூடி பிராந்தி. "எல்லாம் பண்ணிட்டேன்க்கா. சத்தமாக்கூட பேசறதில்ல, குசுகுசுன்னுதான் பேசறேன்." வருஷா வருஷம் யாராவது ஒருவர் இதே பட்டியலை ஒப்பிக்கிறார்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் இந்த மிளகு விஷயத்தை முடித்துவிடுகிறேன். நாம் விழுங்குகிற எதுவும் குரல் நாணைத் தொடாது. சோறும் தண்ணீரும் போகிற குழாய் பின்னால் இருக்கிறது, மூச்சுக்குழாய் முன்னால். அந்த மூச்சுக்குழாயின் வாசலில்தான் குரல் நாண்கள் இருக்கின்றன. ஒவ்வொரு வாய் விழுங்கும்போதும் அந்த வாசல் தானாக மூடிக்கொள்ளும். மூடாமல் ஒரு சொட்டு உள்ளே போனால் என்ன ஆகும்? புரையேறும். தலையில் தட்டி, "யாரோ நினைக்கிறாங்க" என்பார்கள். உங்கள் மிளகுக் கஷாயம் உண்மையிலேயே குரல் நாணில் பட்டிருந்தால் அன்றைக்கு நீங்கள் வேஷம் கட்டியிருக்க முடியாது, இருமி இருமியே விடிந்திருக்கும். கொடைக்கானல் மலையின் பூம்பாறைப் பூண்டும் அப்படித்தான். புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு என்பதற்காக அது வேறு வழியில் போய்விடாது. சூடாகக் குடித்தால் தொண்டைக்கு இதமாக இருக்கும், நானும் குடிக்கிறேன். குரல் நாணின் வீக்கம் அதனால் வடியும் என்று மட்டும் நம்பாதீர்கள்.

சொல்லப்போனால் குரல் நாணைத் தொடுவது கீழேயிருந்து வருவதுதான். விடியற்காலை நாடகம் முடிந்ததும் பரோட்டாவும் சால்னாவும் தின்றுவிட்டு வேனிலேயே சாய்ந்து படுக்கிறோமே, வயிற்றுப் புளிப்பு மேலேறி வந்து அங்கேதான் சுடும். பிராந்தி அதை இன்னும் கிளப்பிவிடும்.

குசுகுசுவென்று பேசுவது ஓய்வில் சேராது. அதிலும் தொண்டையை இறுக்கித்தான் காற்றைத் தள்ளுகிறோம். ஓய்வு என்றால் வாயை மூடுவது. தம்பி, மூடு! அடிக்கடி செருமுவதையும் விடுங்கள். ஒவ்வொரு செருமலிலும் இரண்டு நாண்களும் ஒன்றோடொன்று மோதுகின்றன.

மலையின் சங்கதி வேறு. மதுரை வெயிலில் வேன் ஏறி, வத்தலக்குண்டு வழியாக வளைவுகளைக் கடந்து, பொழுது சாய ஏழாயிரம் அடி உயரத்தில் இறங்குகிறோம். கோடையிலும் இரவில் பத்துப் பன்னிரண்டு டிகிரிதான். பனிமூட்டமாக இருக்கிறதே, காற்றில் ஈரம் இருக்குமே என்பார்கள். குளிர்ந்த காற்று தாங்குகிற ஈரம் கொஞ்சம்தான். அது உள்ளே போய் உடம்புச் சூட்டுக்கு வரும்போது, பற்றாத ஈரத்தை நம் தொண்டையிலிருந்தே எடுத்துக்கொள்ளும். போதாக்குறைக்குக் காற்றழுத்தமும் கீழே இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். மதுரையில் ஒரே மூச்சில் இழுக்கிற விருத்தம் இங்கே பாதியில் அறுந்துவிடும். உடனே ராஜபார்ட் தொண்டையால் தள்ளுகிறார். எதிரே மேடையிலேயே முதல் தடவை பார்க்கிற ஸ்திரீபார்ட், அதாவது கதாநாயகி. ஆளாளுக்குத் தனித்தனியாக வந்து சேரும் எங்கள் நாடகத்தில் ஒத்திகை ஏது? வள்ளி திருமண நாடகத்தில் நாரதரும் வள்ளியும் பாட்டிலேயே வாதாடுகிற தர்க்கம் வந்துவிட்டால் யார் குரல் மேலே என்பதே போட்டியாகிவிடும். மேடையோரம் குளிருக்கு மூட்டிய நெருப்பின் புகை வேறு. விழாக் கமிட்டி அண்ணன்மார்களே, உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், அந்த நெருப்பைக் கொஞ்சம் தள்ளி மூட்டுங்கள்.

இளம் பிள்ளைகள் எல்லோருக்கும் அந்தக் காலத்து நாடகப் பாடகர் எஸ். ஜி. கிட்டப்பா மாதிரி பாட ஆசை. அவர் பாடியது மைக்கை நம்பாத காலம். 1933இல், முப்பது வயது ஆகும் முன்பே போய்விட்டார். உங்கள் முன்னால் மைக் தொங்குகிறது, அதை வைத்துப் பாடுங்கள். மலைக்கு வந்தால் ஆர்மோனியக்காரரிடம் சுருதியை அரைக் கட்டை இறக்கச் சொல்லுங்கள். பின்பாட்டுப் பாடுகிற அவரே சந்தோஷப்படுவார். அந்தக் காலத்தில் சிறுவர்களை வைத்து நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனிகளில், மகரக்கட்டு உடைகிற, அதாவது வயதுக்கு வந்து குரல் மாறுகிற பையனைப் பாட்டு வேஷத்திலிருந்து மாற்றிவிடுவார்கள். அந்த விவரம் இன்றைக்கு நமக்கு இல்லை.

அப்புறம், பகலெல்லாம் தண்ணீர் குடியுங்கள். மேடையேறும்போது ஒரு செம்பு குடித்துப் பயனில்லை, அது ரத்தத்தில் சேர்ந்துதான் நாணுக்குப் போகவேண்டும். வெறும் வெந்நீரில் ஆவி பிடியுங்கள்; மூச்சோடு போவதால் அது மட்டும் நேரே அங்கே போகும். நாடகத்தன்று "குரல் திறக்க" யாரோ போடுகிற ஊசி வேண்டவே வேண்டாம். வீக்கம் வடிந்த மாதிரி இருக்கும், அந்தத் தைரியத்தில் விடிய விடியக் கத்தினால் நாணுக்குள் ரத்தம் கசிந்துவிடும்.

குரல் கம்மல் மூன்று வாரத்தைத் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். மதுரை ராஜாஜி மருத்துவமனையிலும் தேனி அரசு மருத்துவக் கல்லூரியிலும் இருக்கிறார்கள். குரல் நாணில் சிறிய முடிச்சு என்றால் பெரும்பாலும் ஓய்விலும் குரல் பயிற்சியிலுமே சரியாகிவிடும். நாடகத்தில் பாடுகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். புரட்டாசியில் நமக்கு வேலை குறைவு, அடுத்த சீசனுக்கு அட்வான்ஸ் வாங்கும் முன் போய்விட்டு வந்துவிடலாம். புகையிலை போடுகிறவர்களும் பீடி குடிக்கிறவர்களும் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே போங்கள். புற்றுநோயும் முதலில் வெறும் கம்மலாகத்தான் தெரியும்.