குக்கி: சொல் விளக்கம்

போன வாரம் சித்தி போன் செய்தார். செல்பேசியில் நாளிதழைத் திறந்திருக்கிறார். பாதித் திரையை மறைத்துக்கொண்டு ஓர் அறிவிப்பு. "எங்கள் இணையதளம் குக்கீகளைப் பயன்படுத்துகிறது." கீழே பெரிய நீலப் பொத்தானில் "அனைத்தையும் ஏற்கிறேன்." அவர் என்னிடம் கேட்டது: "டேய், குக்கீஸ் வேணுமான்னு கேக்குது. வேண்டாம்னா பேப்பர் தெறக்குமா?"

அறிவிப்பு முழுக்கத் தமிழ் எழுத்தில்தான் இருந்தது. சித்திக்கு அதில் புரியாதது ஒரே ஒரு சொல். அவர் எதற்குச் சம்மதம் கொடுக்கிறார் என்று சொல்ல வேண்டிய சொல்லும் அதுவேதான்.

முதலில் பொருள். வலைத்தளங்களுக்குப் பிறவியிலேயே ஞாபக மறதி. நாம் ஒவ்வொரு பக்கத்தைக் கேட்கும்போதும் எதிரில் இருக்கும் வழங்கி, அதாவது பக்கங்களை அனுப்பும் கணினி, நம்மைப் புது ஆளாகத்தான் பார்க்கும். கூடையில் ஒரு புடவையைப் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனால், புடவையும் மறந்துபோகும், ஆளும் மறந்துபோகும். இதைச் சமாளிக்க வழங்கி நம் உலாவியிடம் (பிரவுசர்) ஒரு துண்டு வரியைக் கொடுக்கிறது: "இந்த எண்ணை வைத்துக்கொள், மறுபடி வரும்போது காட்டு." அந்தத் துண்டு வரிதான் குக்கி. அதிகம் போனால் 4 கிலோபைட். அது நிரலும் இல்லை, வைரஸும் இல்லை. தானாக எதையும் செய்யாது.

கோயில் வாசலில் செருப்பு விடும் இடத்தில் தருகிற டோக்கனை நினைத்துக்கொள்ளுங்கள். 47 என்று பொறித்த தகரத் துண்டு. அதை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் உங்கள் செருப்பு தோலா ரப்பரா என்று தெரியாது. அந்த எண்ணுக்குரிய விவரம் எல்லாம் கடைக்காரரிடம்தான். சித்தியிடம் இப்படித்தான் சொன்னேன். "அப்போ என் செருப்பு அவன்கிட்ட இருக்குன்னு சொல்லு" என்றார். சரியாகப் பிடித்துவிட்டார்.

இனி சொல்லின் வழி. டச்சு மொழியில் 'கூக்' என்றால் கேக். 'கூக்யே' என்றால் குட்டிக் கேக். இன்றைய நியூயார்க் ஒரு காலத்தில் டச்சுக்காரர்களின் நியூ ஆம்ஸ்டர்டாம். அவர்கள் வாயிலிருந்து அமெரிக்க ஆங்கிலத்துக்குப் போனதுதான் குக்கி. பிரிட்டிஷ்காரர்கள் பிஸ்கட் என்றே நின்றுவிட்டார்கள். அவர்கள் ஆண்டதால் நாமும் பிஸ்கட்.

ஆனால் அதே டச்சுக்காரர்கள் இலங்கைக் கரையோரத்தை 1796 வரை கையில் வைத்திருந்தார்கள். அலுவலகத்தை ஈழத்தில் 'கந்தோர்' என்பது அவர்கள் விட்டுப்போன சொல். சிங்களப் புத்தாண்டுக்குச் செய்யும் 'கொக்கிஸ்' என்ற பலகாரத்தின் பெயரும் இந்தக் 'கூக்யே'யிலிருந்து வந்ததாகவே சொல்கிறார்கள். அரிசி மாவையும் தேங்காய்ப் பாலையும் கரைத்து, பூ அச்சை முக்கி, எண்ணெயில் விட்டு எடுப்பது. அட, நம் அச்சு முறுக்கேதான்! ஆக, குக்கிக்கு நேரான தமிழ் அச்சு முறுக்கு என்று யாராவது வாதாடினால் சொற்பிறப்பு அவர்கள் பக்கம் கொஞ்சம் சாயத்தான் செய்யும்.

தின்பண்டம் எப்படிக் கணினிக்குள் வந்தது? யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தில் வேலை செய்த நிரலாளர்களிடம் 'மேஜிக் குக்கி' என்று ஒரு வழக்கு இருந்தது. ஒரு நிரல் இன்னொன்றுக்குக் கொடுக்கும் அடையாளத் துண்டு. வாங்கியவர் அதைப் பிரித்துப் படிக்க வேண்டியதில்லை, கேட்கும்போது திருப்பிக் காட்டினால் போதும். சீன உணவகங்களில் உள்ளே சீட்டு வைத்துத் தரும் பிஸ்கட்டிலிருந்து அந்தப் பெயர் வந்தது என்பது ஊகம்தான். 1994-இல் உலாவி செய்துகொண்டிருந்த நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இருந்த லூ மொன்டுல்லி, இணையக் கடைகளின் கூடைச் சிக்கலுக்கு வழி தேடியபோது, கல்லூரிப் பாடத்தில் கேட்டிருந்த இந்தப் பெயரை எடுத்துக்கொண்டார். அந்த ஆண்டு அக்டோபரில் வந்த நெட்ஸ்கேப் சோதனைப் பதிப்பிலேயே குக்கி இருந்தது. பயன்படுத்தியவர்களுக்குத்தான் அது தெரியாது. 1996 பிப்ரவரியில் ஃபைனான்ஷியல் டைம்ஸ் எழுதிய பிறகுதான் வெளியே பேச்சானது.

மொன்டுல்லியைக் குறை சொல்லத் தோன்றும். ஆனால் ஒவ்வோர் உலாவிக்கும் நிரந்தரமாக ஓர் எண்ணைக் கொடுத்துவிடுவது அதைவிட எளிய வழி. அப்படிச் செய்தால் எல்லாத் தளங்களும் சேர்ந்து ஒருவரைப் பின்தொடர முடியும் என்பதால்தான் அதை ஒதுக்கியதாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். ஒரு தளம் கொடுத்த குக்கியை அந்தத் தளம் மட்டுமே பார்க்கலாம் என்பது அவர் போட்ட பூட்டு.

பூட்டு உடைந்தது விளம்பரத்தால். ஒரு பக்கத்துக்குள் வேறு நிறுவனத்தின் விளம்பரப் படம் உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் படத்தைக் கேட்டு உலாவி அந்த நிறுவனத்தின் வழங்கிக்குப் போகிறது; போன இடத்தில் அவர்களும் ஒரு குக்கியைக் கொடுத்து அனுப்புகிறார்கள். அதே நிறுவனத்தின் விளம்பரம் ஆயிரம் தளங்களில் இருந்தால்?

மறுபடி கோயிலுக்கே வருவோம். ஊரெல்லாம் உள்ள கோயில்களில் செருப்புக் கடைக் குத்தகை ஒரே ஆளுக்கு என்று வையுங்கள். உங்களுக்கு எல்லா இடத்திலும் அதே 47. பெயர் கேட்க மாட்டார், முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார். ஆனால் 47 ஜனவரியில் திருமணஞ்சேரிக்கு வந்தது, அடுத்த ஆண்டு திருக்கருகாவூருக்கு வந்தது, அதற்கடுத்து மூன்று சனிக்கிழமை திருநள்ளாற்றில் நின்றது என்று அவர் நோட்டில் இருக்கும். வீட்டில் என்ன நடக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும். மூன்றாம் தரப்புக் குக்கி என்பது எல்லா இடத்திலும் செல்லும் இந்த 47-தான். இதை வைத்தே வளர்ந்த டபுள்கிளிக் என்ற விளம்பர நிறுவனத்தை வாங்க 2007-இல் கூகுள் ஒத்துக்கொண்ட விலை 310 கோடி டாலர்.

கணினியில் உலாவியின் அமைப்புகளுக்குள் போனால் சேர்ந்திருக்கும் குக்கிகளைப் பார்க்கலாம். ஒரு ராசிபலன் பக்கத்தைத் திறந்துவிட்டு நான் போய்ப் பார்த்தேன். பெயர், மதிப்பு, காலாவதி, உரிய தளம் என்று வரிசை. மதிப்பு என்ற இடத்தில் எண்ணும் எழுத்துமாய்ப் பொருளில்லாத ஒரு நீள வால். உரிய தளம் என்ற இடத்தில் பாதிக்கு மேல் நான் கேள்விப்படாத பெயர்கள். சிலவற்றின் காலாவதி அடுத்த ஆண்டில். நான் போனது கன்னி ராசிக்கு இன்று எப்படி என்று பார்க்க.

விளம்பரத்தோடு நின்றால்கூடப் பரவாயில்லை என்பேன். எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்களை வைத்து 2013 டிசம்பரில் வாஷிங்டன் போஸ்ட் எழுதியது: கூகுள் போட்டிருந்த ஒரு குக்கியை வைத்தே, அமெரிக்க உளவு நிறுவனமான என்எஸ்ஏ தனக்கு வேண்டிய ஆளின் கணினியை அடையாளம் கண்டு அதற்குள் புகுந்தது. கடைக்காரரின் டோக்கனைப் போலீஸ்காரர் படிக்கிறார்.

திருட்டு தனிக் கதை. நீங்கள் உள்நுழைந்திருப்பதற்கான அடையாளமும் ஒரு குக்கிதான். டோக்கனைக் காட்டுபவரிடம் செருப்பைக் கொடுத்துவிடுவார்கள், ஆளைப் பார்க்க மாட்டார்கள். 2010-இல் வந்த ஃபயர்ஷீப் என்ற உலாவி நீட்சி (உலாவியோடு சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல்), பொது வைஃபையில் பக்கத்து மேசைக்காரரின் குக்கியை எடுத்து அவர் கணக்குக்குள் நுழைவது எவ்வளவு சுலபம் என்று காட்டியது. பெரிய தளங்கள் எல்லாப் பக்கங்களையும் மறையாக்கத்துக்கு, அதாவது நடுவில் யாரும் படிக்க முடியாதபடி அனுப்பும் முறைக்கு, மாற்றியதில் அந்த அதிர்ச்சிக்குப் பங்கு உண்டு. இன்றும் யூடியூப் சேனல்களைக் கைப்பற்றுகிறவர்கள் பலர் கடவுச்சொல்லைத் தேடுவதில்லை, குக்கியைத்தான் திருடுகிறார்கள். ஓடிபி கேட்கிற கட்டத்தை அது ஏற்கெனவே தாண்டியிருக்கும்.

உலாவிகளில் ஆப்பிளின் சஃபாரி 2020-இல் மூன்றாம் தரப்புக் குக்கிகளை இயல்பாகவே தடுத்தது. கூகுளின் குரோமும் எடுத்துவிடுவதாக அதே ஆண்டு ஜனவரியில் அறிவித்து, தள்ளித் தள்ளிப் போட்டு, 2024 ஜூலையில் கைவிட்டது. உலாவியும் விளம்பரமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பதை மறந்தவர்களுக்குத்தான் அதில் ஆச்சரியம்.

சட்டத்துக்கு வந்தால், ஐரோப்பாவில் குக்கிக்குச் சம்மதம் கேட்டாக வேண்டும். முன்கூட்டியே டிக் போட்டு வைத்த பெட்டி சம்மதம் ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019-இல் சொன்னது. ஏற்க ஒரு சொடுக்கு, மறுக்கப் பல சொடுக்கு என்று வைத்திருந்ததற்காக பிரான்சின் தரவுக் காப்பு ஆணையம் கூகுளுக்கு 15 கோடி யூரோ அபராதம் போட்டதாக 2022 ஜனவரியில் அறிவித்தது. சித்தி பார்த்த நீலப் பொத்தானின் பக்கத்தில் மறுக்கும் பொத்தான் இருந்ததா என்று கேட்டேன். "சின்னதா ஏதோ 'மேலும் அறிக'ன்னு இருக்கு" என்றார்.

இந்தியாவில் 2023-இன் எண்ணிமத் (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் குக்கி என்ற சொல்லே இல்லை. ஆனால் சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள ஏதாவதொரு மொழியிலோ படிக்கும் வசதி தர வேண்டும் என்று இருக்கிறது. அந்த 22 மொழிகளில் தமிழும் ஒன்று. ஆகவே இதற்குத் தமிழில் என்ன பெயர் என்பது தமிழ் ஆர்வலர்களின் பொழுதுபோக்காக மட்டும் இருக்கப்போவதில்லை.

இப்போது புழக்கத்தில் இருப்பவை இரண்டு. ஒன்று குக்கி, குக்கீ என்று அப்படியே எழுதுவது. குறிலில் எழுதினால் ஒரு தொல்லை: தேடினால் மணிப்பூரின் குக்கி மக்களைப் பற்றிய செய்திகள்தான் வரும். 2023 மோதலின்போது மாதக்கணக்கில் இணையமே துண்டிக்கப்பட்டிருந்த மாநிலம் அது. இணையக் கண்காணிப்பைத் தேடப் போனவர் இணைய முடக்கத்தில் போய் நிற்பார்.

இன்னொன்று 'நினைவி'. தமிழ் விக்கிப்பீடியா பயன்படுத்துவது. சின்னச் சொல், உலாவி, செயலி என்று பழகிய காதுக்கு உடனே ஒட்டுகிறது. எனக்கு அதில் ஒரு மனத்தாங்கல். உலாவி உலாவ உதவுகிறது, செயலி செயலைச் செய்கிறது. நினைவி? அது எதையும் நினைவில் வைப்பதில்லை. 47 என்ற தகரத்துக்கு என்ன ஞாபகம் இருக்கும்? ஞாபகம் வைத்திருப்பது கடைக்காரர். "நினைவிகளை ஏற்கவும்" என்று கேட்டால், ஏதோ நம் ஞாபகத்துக்கு உதவ வந்த பொருள் போலத் தோன்றிவிடுகிறது. நினைவகம், நினைவூட்டல் ஆகியவற்றோடும் குழம்பும்.

நான் சொல்ல விரும்புவது 'வில்லை'. கற்பூர வில்லை, சோப்பு வில்லை என்று வட்டமாய்த் தட்டையாய் இருப்பதற்கு வில்லை என்கிறோம். ஆகவே பிஸ்கட் வடிவம் அதில் இருக்கிறது. டவாலியில் சேவகர் மாட்டியிருந்த பித்தளை அடையாளமும் வில்லைதான். 'வில்லைச் சேவகன்' என்றே சொல் உண்டு. இன்னார் ஆள் என்று காட்ட இன்னொருவர் மாட்டிவிடுவது. குக்கி செய்வதும் அதுவே. கண்ணாடி வில்லையோடு குழம்பும் இடத்தில் 'அடையாள வில்லை' என்று விரித்துக்கொள்ளலாம். உள்நுழைவுக்கு இருப்பது அமர்வு வில்லை, மூன்றாம் தரப்பினுடையது அயல் வில்லை.

சித்தி பார்த்த அறிவிப்பை இப்படி எழுதிப் பார்த்தேன்: "நாங்களும் எங்கள் விளம்பரதாரர்களும் உங்கள் உலாவியில் அடையாள வில்லை மாட்டுகிறோம். அயல் வில்லைகள் வேறு தளங்களிலும் உங்களை அடையாளம் காட்டும். மாட்டலாம் / வேண்டாம்." இரண்டு பொத்தானும் ஒரே அளவு. வாட்ஸாப்பில் சித்திக்கு அனுப்பினேன். "வேண்டாம்" என்று பதில் வந்தது.